கத்திரி முடியும்வரை எண்ணெய் தலையோடு நிற்கட்டும்

கத்திரி பிறந்துவிட்டது. மே 4ஐ ஒட்டித் தொடங்கி 28 வரை நீளும் இந்த மூன்றரை வாரமும், அதற்குப் பின்னால் வரும் புழுக்கமும் பரு வரும் முகங்களுக்குப் பொல்லாத காலம். வியர்வை ஒரு பக்கம், எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பக்கம், பேருந்துப் புழுதி ஒரு பக்கம். இந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியரும் கிளம்பிவிடுவார். "வேப்பெண்ணெயைத் தொட்டு வை" என்பார் அத்தை. "ராத்திரி தேங்காய் எண்ணெய் பூசிக்கிட்டுப் படு" என்பார் பாட்டி. ஏதோ ஒரு மர எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் விடச் சொல்லிக் கைப்பேசியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். எண்ணெயே ஆகாது என்று சொல்ல நான் வரவில்லை. எது, எங்கே, எவ்வளவு நேரம் என்பதில்தான் இந்த மாதம் கறாராக இருக்க வேண்டும்.

முதலில், வந்திருப்பது பருதானா என்று கண்ணாடியில் பாருங்கள். கத்திரியில் மூன்று வேறு சங்கதிகள் ஒரே மாதிரி முகம் காட்டும். கழுத்து, முதுகு, முழங்கை மடிப்பில் பொடிப்பொடியாக எழும்பிச் சுருக் சுருக்கென்று குத்தினால் அது வேர்க்குரு. வியர்வை வெளியேறும் வழி அடைபட்டு வருவது. அதன்மேல் எந்த எண்ணெயைத் தடவினாலும் அடைப்பு கூடும். தண்ணீர், காற்றோட்டம், பருத்தித் துணி, இவை போதும்.

இரண்டாவதைப் பலரும் பரு என்றே எண்ணி மாதக்கணக்கில் ஏமாறுகிறார்கள். நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் எல்லாம் ஒரே அளவில், அச்சில் வார்த்ததுபோலச் சின்னச் சின்னக் குருக்கள். கூடவே அரிப்பு. கரும்புள்ளி, வெள்ளைப்புள்ளி எதுவும் இருக்காது. இது மலசீசியா என்ற பூஞ்சை மயிர்க்கால்களில் பெருகுவதால் வருவது. வெப்பமும் ஈரமும் அதற்குப் பிடிக்கும். அதைவிட எண்ணெய் பிடிக்கும். தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரித்துக்கொள்ள அதனால் முடியாது, வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆய்வகத்தில் இந்தப் பூஞ்சையை வளர்க்க ஆலிவ் எண்ணெயை மேலே ஊற்றி வைப்பார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் குருவுக்கு எண்ணெய் வைப்பது பாம்புக்குப் பால் வார்க்கிற கதைதான். தோல் மருத்துவர் பார்த்துப் பூஞ்சைக்கான மருந்து கொடுத்தால் வேகமாக அடங்கும்.

மூன்றாவதுதான் அசல் பரு. கரும்புள்ளி, வெள்ளைப்புள்ளி, சிவந்த கட்டி, சீழ் வைத்தது என்று கலந்து இருக்கும். அரிப்பு பெரிதாக இருக்காது. மயிர்க்காலோடு ஒட்டிய சுரப்பி எண்ணெய்ப் பசையை அதிகமாகச் சுரக்கிறது. அங்கே உதிரும் தோல் செல்கள் வெளியேறாமல் ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. உள்ளே வாழும் கிருமி பெருகி வீக்கம் உண்டாகிறது. கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கு இல்லை. அடைப்பின் மேல்முனை காற்றுப் பட்டுக் கறுத்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவினாலும் அது போகாது, தோல்தான் புண்ணாகும்.

இனி எண்ணெய்க்கு வருவோம். நம் ஊரில் முகத்துக்கு வரும் எண்ணெயில் பெரும்பகுதி யாரும் முகத்தில் தடவியது இல்லை. தலையிலிருந்து இறங்கியது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் உருகிவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்து நின்று அடுப்போரம் வைத்தால்தான் இளகும் அதே எண்ணெய், கத்திரியில் வைத்த பத்தாவது நிமிடம் வியர்வையோடு நெற்றிக்கு ஓடி வந்துவிடுகிறது. படிய வாரி இரட்டைச் சடை போட்ட பள்ளிப் பெண்களின் நெற்றி ஓரத்தையும் காதோரத்தையும் கவனித்துப் பாருங்கள். முடி முடியும் இடத்தில் கோடு போட்டதுபோல வெள்ளைப்புள்ளிகள் வரிசை கட்டியிருக்கும். இதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஆல்பர்ட் கிளிக்மன் குழுவினர், தலையில் பொமேட் என்னும் கெட்டியான பூச்சைத் தடவிவந்த கறுப்பின ஆண்களின் நெற்றியில் இதே கோட்டைக் கண்டு, 1970ல் 'பொமேட் ஆக்னி' என்று எழுதினார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பொமேட் தேங்காய் எண்ணெய்.

ஆகவே இந்த மாதம் செய்ய வேண்டியது: தலைக்கு எண்ணெய் வைக்கும்போது நெற்றி ஓரத்தில் இரண்டு விரற்கடை விட்டு வையுங்கள். வைத்துக்கொண்டு வெளியே போக வேண்டாம்; குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்து, அன்றே அலசிவிடுங்கள். இரவு எண்ணெய்த் தலையோடு படுத்தால் தலையணை உறைக்குப் போகும் எண்ணெய் விடிவதற்குள் கன்னத்துக்குத் திரும்பிவிடும். பள்ளி திறந்ததும் எண்ணெய் வைத்துத்தான் வர வேண்டும் என்று ஆசிரியர் சொன்னால், ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். முடி கலையாமல் பின்னியிருப்பதற்கும் எண்ணெய் வழிவதற்கும் சம்பந்தம் இல்லை.

எண்ணெய்க் குளியலை நிறுத்தச் சொல்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. வெள்ளியோ சனியோ, நல்லெண்ணெய் தேய்த்து அரை மணி நேரம் ஊறி, அரப்போ சீயக்காயோ போட்டுக் குளிக்கும் சுகத்தைக் கத்திரியில் யாரிடமிருந்தும் பறிக்க எனக்கு மனம் வராது. உடம்புச் சூடு இறங்குகிறதா என்ற வழக்குக்குள்ளும் நான் போகவில்லை. உச்சந்தலை, கை, கால், பாதம் எல்லாம் தேயுங்கள்; கழுத்தோடு நிறுத்தி முகத்தை விட்டுவிடுங்கள். முதுகில் பரு இருந்தால் முதுகையும். குளித்து முடிக்கும்போது, கடைசியாக முகத்தை மென்மையான சோப்பால் ஒருமுறை கழுவுங்கள். சீயக்காய்த் தூளால் முகத்தைத் தேய்க்காதீர்கள். அந்தச் சொரசொரப்பு சிவந்த பருவைக் கீறிவிடும்.

சரி, முகத்திலேயே தடவத்தான் வேண்டும் என்பவர்களுக்கு, ஒவ்வொன்றாக.

தேங்காய் எண்ணெய்: பரு முகத்துக்கு வேண்டாம். இதில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம்; அந்த அமிலம் பருக் கிருமியைக் கொல்வதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அதை மட்டும் எடுத்துக்கொண்டு விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் எண்ணெயில் லாரிக் அமிலம் தனியாக மிதப்பதில்லை, கொழுப்பாகப் பிணைந்து கிடக்கிறது. அது கிருமியைத் தேடிப் போவதற்குள் துளையை அடைத்துவிடுகிறது. துளையடைக்கும் தன்மைக்கு 0 முதல் 5 வரை போடும் பழைய மதிப்பெண் பட்டியலில் இதற்கு 4. அந்தப் பட்டியல் முயல் காதில் தடவிப் பார்த்துப் போட்டது, முயல் காது நம் தோலைவிடச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்பதால் அதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. எச்சரிக்கையாகக் கொள்ளலாம். மரச்செக்கில் ஆட்டியது என்பதால் இந்தக் குணம் மாறாது.

வேப்பெண்ணெய்: கல்லூரி விடுதியில் இருந்தபோது ஒரு தேர்வுக்கு முந்தைய இரவு இதை அப்படியே இரண்டு கன்னத்திலும் பூசிப் படுத்தேன். பக்கத்துக் கட்டில்காரி நாற்றம் தாளாமல் பாயோடு வராந்தாவுக்குப் போனாள். காலையில் பரு அப்படியே இருந்தது, அதைச் சுற்றியிருந்த தோல் தக்காளியாகச் சிவந்து இரண்டு வாரம் உரிந்தது. கிருமிக்கு எதிரான குணம் வேம்புக்கு உண்டு. ஆனால் முகப்பருவை ஆற்றுகிறது என்று மனிதர்களிடம் நல்ல சோதனைகள் சொற்பம். எரிச்சலும் ஒவ்வாமையும் வந்ததற்குத்தான் சான்று கையில் இருக்கிறது. குழந்தைகளுக்கு இதை உள்ளுக்குப் புகட்டும் பழைய பழக்கம் எங்காவது மிச்சமிருந்தால் இன்றோடு விடுங்கள். வலிப்பும் கல்லீரல் பாதிப்பும் வந்து குழந்தைகள் இறந்திருக்கின்றன.

டீ ட்ரீ எண்ணெய்: பெயரில் டீ இருந்தாலும் நாம் குடிக்கும் தேயிலைக்கும் இதற்கும் உறவில்லை. நாவல், கொய்யா, யூகலிப்டஸ் குடும்பத்து மரம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியின் சதுப்பு நிலத்துச் சொந்தக்காரன். தாவர எண்ணெய்களில் பருவுக்கு ஓரளவு உருப்படியான சான்று உள்ளது இதற்குத்தான். 1990ல் சிட்னியில் 124 பேரிடம், 5 சதவீத டீ ட்ரீ எண்ணெயையும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு என்ற பரு மருந்தையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் பரு குறைந்தது. எண்ணெய் மெதுவாகத்தான் வேலை செய்தது, ஆனால் எரிச்சலும் தோல் வறட்சியும் குறைவாக இருந்தன.

அந்த 5 சதவீதம்தான் முக்கியம். பாட்டிலிலிருந்து நேராக முகத்தில் விடக்கூடாது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி சூரியகாந்தி எண்ணெயில் 5 சொட்டு. பஞ்சில் தொட்டுப் பருவின்மேல் மட்டும் இரவில் வைத்து, காலையில் கழுவிவிட வேண்டும். கண்ணோரம், உதட்டோரம் போகக்கூடாது. இதே அளவில் சேர்த்த ஜெல் கிடைத்தால் கத்திரிக்கு அதுவே தேவலை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. கறுப்பு அல்லது பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் உள்ளதை வாங்கி, திறந்த தேதியை மேலே எழுதி வையுங்கள். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசான எண்ணெய்தான் பெரும்பாலும் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. திறந்து ஆறு மாதமானதைத் தூக்கிப் போட யோசிக்க வேண்டாம். இது உள்ளே போனால் நஞ்சு. பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

சூரியகாந்தி எண்ணெயை ஏன் சொன்னேன் என்றால், வழக்கமான வகையில் லினோலிக் அமிலம் அதிகம். பரு உள்ளவர்களின் தோல் எண்ணெயில் இந்த அமிலம் குறைந்திருப்பதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். அதற்காக இதைத் தடவினால் பரு ஆறும் என்று பொருள் இல்லை. கரைக்கும் எண்ணெயாக இருக்க ஆலிவைவிடத் தகுதி கூடுதல், அவ்வளவுதான். ஆலிவில் ஒலியிக் அமிலம் மிகுதி, அது தோலின் காப்புப் படலத்தைத் தளர்த்தும். விளக்கெண்ணெய் இந்த வெயிலுக்கு மிகவும் கனம். ஜோஜோபா இலேசானதுதான், விலைதான் கனம்.

எதைத் தொடங்கினாலும் முன்கையின் உள்பக்கம் ஒரே இடத்தில் காலையும் இரவும் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அது உங்களுக்கு இல்லை. எண்ணெயோடு எலுமிச்சைச் சாறு கலக்கும் குறிப்பைக் கண்டால் தாண்டிப் போய்விடுங்கள். எலுமிச்சை பட்ட தோலில் வெயிலும் பட்டால் கொப்பளித்துக் கறுத்துவிடும், கத்திரி வெயிலில் கேட்கவே வேண்டாம். ஏற்கெனவே பென்சாயில் பெராக்சைடோ அடாபலீன் என்ற பரு மருந்தோ போடுகிறவர்கள் டீ ட்ரீயையும் மேலே சேர்க்க வேண்டாம், தோல் தாங்காது. கர்ப்பிணிகள் எதையும் தாங்களாகத் தொடங்க வேண்டாம்.

நம் நிறத் தோலில் பரு போனாலும் கறுப்பு வடு மாதக்கணக்கில் நிற்கும், வெயில் அதை ஆழமாக்கும். கிள்ளாதீர்கள், வெளியே போகும்போது எண்ணெய் இல்லாத ஜெல் வகை சன்ஸ்க்ரீன் போடுங்கள். மருந்துக் கடையில் "பருவுக்கு ஒரு க்ரீம்" என்று வாயால் கேட்டு வாங்காதீர்கள். அப்படிக் கைக்கு வருவதில் ஸ்டீராய்டு கலந்தவையும் உண்டு. முதல் வாரம் முகம் பளபளக்கும், பிறகு விட்டால் பரு கொத்துக் கொத்தாக வரும். ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018ல் மத்திய அரசு விதியை இறுக்கியது இதற்காகத்தான். ஆழமான, வலிக்கும் கட்டிகள் இருந்தால், பள்ளம் விழத் தொடங்கினால், அல்லது முகப்பருவோடு மாதவிலக்கும் தள்ளிப்போனால், எண்ணெய்ப் புட்டியை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. செலவும் இல்லை. எழுந்துபோய்த் தலையணை உறையைக் கழற்றிச் சுடுதண்ணீரில் ஊறப் போடுங்கள். கத்திரி முடியும்வரை வாரத்துக்கு இரண்டு முறை.