பல் வைத்தியரின் ஊசியும் தாடை நரம்புகளும்



கணக்கில் பத்து வெள்ளி குறைந்தால் அன்றிரவே பேரேட்டைப் புரட்டிப் பார்க்கும் நாம், பல்லில் வலி கண்டால் மட்டும் ஒரு கிராம்பைக் கடித்துக்கொண்டு கல்லாவிலேயே உட்கார்ந்துவிடுகிறோம். கேட்பவரிடம் "கடையை விட்டு நகர முடியவில்லை" என்போம். உண்மையில் நம்மில் பலருக்கு ஊசி என்றால் பயம். நாமும் அப்படித்தான் இருந்தோம். கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றை மூன்று மாதம் கிராம்பாலும் வலி மாத்திரையாலும் ஏமாற்றி, கன்னம் வீங்கிய பின்பே வைத்தியரிடம் போனோம். போட்ட ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. அது ஏன் என்று அவரிடமே கேட்டும், பிறகு படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். நாம் சரக்கு விற்பவர், வைத்தியரல்லர். நமக்கு விளங்கிய மட்டில் சொல்கிறோம்.

மூளையிலிருந்து நேரே புறப்படும் நரம்புகள் 12 ஜோடி. அவற்றுள் ஐந்தாவது ஜோடியே முகத்தின் உணர்ச்சியைச் சுமப்பது. பக்கத்துக்கு ஒன்றாக வரும் இந்நரம்பு மூன்று கிளையாகப் பிரிகிறது. முதற்கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், இரண்டாவது மேல்தாடைக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் போகின்றன. தாய் நரம்பு ஒன்றே ஆகையால் மூளை சில வேளை இடம் மாறிக் கணக்கு எழுதிவிடும். கீழ்ப்பல் கெட்டிருக்கக் காது குத்தும். அல்லது அதே பக்கத்து மேல்பல் வலிப்பதுபோல் தோன்றும். குர்துபா நகர்ப் பெரும் வைத்தியர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (மறைவு 1013) தமது 'கிதாபுத் தஸ்ரீஃப்' நூலில் இதைக் குறித்து எச்சரித்திருக்கிறார். வலி நோயாளியை ஏமாற்றி நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்லும். ஆகவே எந்தப் பல் என்பதை வைத்தியன் நிச்சயம் செய்துகொண்டே கை வைக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. அவர் காலத்தில் இந்த ஊசி இல்லை. 1884ல் கொக்கேயின் என்னும் மருந்தால் கண்ணை மரக்கச் செய்தார்கள். சிறிது காலத்துக்குள் அது தாடை நரம்புக்கும் வந்தது. அது போதைப் பழக்கம் உண்டாக்குவதால் வேறு மருந்து தேடி, 1943ல் ஸ்வீடன் நாட்டில் லிடோகேயினை உண்டாக்கினார்கள். இன்றும் பல் வைத்தியத்தில் பெரிதும் புழங்குவது அதுவே.

இனி, ஊசி போடும் இடம். மேல்தாடை எலும்பு மெல்லியது, நுண்துளைகள் உள்ளது. கோணிச் சாக்கின்மேல் தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்குவதுபோல, பல்லின் வேர்முனைக்கு நேராக ஈற்றோரம் போட்ட மருந்து எலும்பினூடே கசிந்து நரம்பைச் சேர்ந்துவிடும். ஆகையால் மேல்பல்லுக்குப் பெரும்பாலும் அந்தப் பல்லின் பக்கத்திலேயே போடுகிறார்கள். பல்லைப் பிடுங்குவதானால் அண்ணத்திலும் ஒரு சிறு ஊசி வேண்டும். அவ்விடத்துத் தசைக்கு வேறு நரம்பு. அண்ணத்தின் தோல் எலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் மருந்துக்கு இடமில்லை. வாயில் போடும் ஊசிகளில் அதிகம் வலிப்பது அதுதான். மறைப்பானேன்?

கீழ்க் கடைவாய் அப்படியல்ல. அங்கே எலும்பு கெட்டி. தகரத்தின்மேல் ஊற்றிய தண்ணீர்போல மருந்து வழிந்துபோகும். எனவே வீட்டுக் குழாயை மூடாமல் தெருக் குழாயையே மூடுவதுபோல், நரம்பு எலும்புக்குள் நுழையும் வாசலிலேயே மருந்தை வைக்கிறார்கள். வாயை அகலத் திறந்தால் கடைசிப் பல்லுக்கும் பின்னால், தாடையெலும்பு மேலே ஏறுகிற பகுதியின் உட்பக்கத்தில் அந்த வாசல் இருக்கிறது. அதைக் கண்ணால் காண முடியாது. விரலால் எலும்பைத் தடவி, கணக்கிட்டே ஊசியை இறக்குகிறார்கள். எல்லாருடைய தாடையும் ஒரே அச்சில் வார்த்ததல்லவே. கைதேர்ந்தவருக்கும் சில நேரம் தப்பும். "இன்னொன்று போடுகிறேன், பாய்" என்று அவர் சொன்னால் அவரைக் குறைவாக எண்ணுவது நியாயமல்ல.

அந்த ஊசி பிடித்தால் அந்தப் பக்கத்துக் கீழ்ப்பற்கள் மட்டுமன்றி, பாதிக் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும். ஏனெனில் அதே நரம்பு எலும்புக்குள்ளே ஓடி, சிறு கடைவாய்ப் பற்களின் அடியில் ஒரு துளை வழியே வெளிவந்து உதட்டுக்குப் போகிறது. நாக்கு நரம்பும் அருகில் இருப்பதால் நாக்கின் பாதியும் மரக்கும். கடைவாயின் கன்னப்பக்கத்து ஈறுக்கு மட்டும் தனி நரம்பு. பல்லெடுக்கும்போது அதற்குத் தனியாக ஒரு சிறு ஊசி. மரத்த பிறகும் அழுத்துவதும் அசைப்பதும் தெரியும். அது வலியல்ல. நம்மில் சிலர் அதற்கே "மருந்து பிடிக்கவில்லை" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் நமக்கு மட்டும் ஏன் பிடிக்கவில்லை? சீழ் கட்டிய இடம் புளிப்புத் தன்மை அடைந்துவிடுகிறது. அந்தப் புளிப்பில் மருந்து நரம்புக்குள் புகும் சக்தியை இழக்கிறது. வீக்கத்தில் நரம்பும் முன்னைவிட முரடாகிவிடுகிறது. மூன்று மாதத்துக்கு முன் போயிருந்தால் ஒரே ஊசியோடு முடிந்திருக்கும். அன்று சீழை வெளியேற்றி, மருந்து கொடுத்து, மறுபடி வரச்சொன்னார்கள். அல்ஹம்துலில்லாஹ், நமக்கு அவ்வளவோடு போயிற்று. கீழ்ப்பல்லின் சீழ் நாக்கடியிலும் கழுத்திலும் பரவினால் மூச்சே அடைபடும். வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமை, காய்ச்சலோடு கழுத்து வீக்கம் ஆகியவை கண்டால் கிராம்பைத் தேட வேண்டாம். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆஸ்பிரின் மாத்திரையை ஈற்றில் அடக்கி வைப்பவர்களும் உண்டு. அது ஈற்றைச் சுட்டுப் புண்ணாக்கும்.

மருந்தோடு அட்ரினலின் சிறிது கலந்திருக்கும். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்தி வைக்கிறது, இரத்தப்போக்கும் குறையும். அதனால் சிலருக்கு நெஞ்சு படபடக்கும்; சற்று நேரத்தில் அடங்கிவிடும். ஊசி இரத்தக் குழாயில் இறங்கிவிட்டதா என்று முதலில் பின்னால் இழுத்துப் பார்த்தே மருந்தைச் செலுத்துகிறார்கள். இருதய நோய், இரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களும் இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு போகவும் கூடாது.

ரமலானில் என்ன செய்வது என்று கேட்பார்கள். இந்த ஊசி உணவாகாது. தொண்டை வழியே உள்ளே போவதுமில்லை. ஆகவே இதனால் நோன்பு முறியாது என்பது உலமாக்கள் பலரின் கூற்று. ஆனால் வாய் கழுவும் நீரையோ இரத்தத்தையோ விழுங்கிவிட்டால் விஷயம் வேறு. அவரவர் மஹல்லா ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்வது நலம். வலி பொறுக்குமானால் இரவு நேரத்தில் போகலாம். கடும் நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

பல்லின் மரப்பு ஏறக்குறைய ஒரு மணி நேரம். உதட்டின் மரப்பு தெளிய மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை சூடான தேத்தண்ணீரும் சாப்பாடும் வேண்டாம். தெரியாமலே உதட்டைக் கடித்துக்கொள்வோம். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டாம் முறை பல்லெடுத்து நேரே கடைக்கு வந்தோம். பாதி உதட்டோடு விலை சொல்ல, "பத்து" என்றது வாடிக்கைக்காரர் காதில் சரியாக விழாமல், நாலு தடவை கேட்டுவிட்டு அவரே விரலை நீட்டிக் காட்டினார். அஸர் வரை அன்று விரல் வியாபாரம்தான்.