கலம் பேணும் முறையும் அதன் அதபும்

சென்ற மாதம் ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். வீட்டுப் பரணை ஒழித்தபோது அவருடைய பாட்டனாரின் மரப்பெட்டி ஒன்று கிடைத்ததாம். உள்ளே நாணலில் வெட்டிய ஐந்து கலங்களும், மை காய்ந்து கல்லாகிவிட்ட ஒரு மைக்கூடும், சிறு பேனாக்கத்தி ஒன்றும் இருந்தன. பாட்டனார் மக்தபில் ஓதிக் கொடுத்தவர். அரபுத்தமிழ்க் கித்தாபுகளைக் கல்லச்சுக்காகப் பிரதி எழுதிக் கொடுத்தவரும்கூட. சகோதரியின் மகன் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அரபு எழுத்தழகு கற்று வருகிறான். பாட்டனாரின் கலத்தால் எழுத வேண்டுமென்ற ஆசையில் இரண்டை எடுத்து, சோப்புத்தூள் கரைத்த சுடுநீரில் இரவெல்லாம் ஊறப்போட்டு விட்டான். காலையில் பார்த்தால் இரண்டும் முனை பிளந்து நார்நாராகக் கிடந்தனவாம். மீதமுள்ள மூன்றையும் எப்படிச் சுத்தம் செய்வது, கழுவிய நீரை எங்கே ஊற்றுவது, குர்ஆன் எழுதிய கலமாக இருந்தால் இப்படிச் செய்தது குற்றமாகுமா என்று கேட்கிறார்.

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லி விடுகிறோம். பிள்ளை அவமதிக்கும் எண்ணத்தோடு செய்யவில்லை. கலம் என்பது முஸ்ஹபும் அல்ல. ஆகவே குற்றம் என்று அவன் மனத்தில் பதிய வைக்க வேண்டாம். ஆனால் நஷ்டம் நஷ்டம்தான். அது எத்தகைய நஷ்டம் என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

தமிழில் கலம் என்றால் பாத்திரம் என்றும் மரக்கலம் என்றும் பொருள்படும். நம் வீடுகளில் வழங்கும் கலமோ அரபுச் சொல். முதன்முதலாக இறங்கிய ஐந்து ஆயத்துகளிலேயே அது பேசப்படுகிறது. 68-ஆவது சூரா அதன் பெயரையே தாங்கி நிற்கிறது. இப்படிச் சிறப்புப் பெற்ற பொருள் உண்மையில் பார்க்கப் போனால் ஒரு சாண் நாணல் துண்டுதான். அதைக் கலமாக்குவது அதன் முனையிலுள்ள வெட்டு ஒன்றே. எவ்வளவு அகலம், எவ்வளவு சாய்வு, நடுப்பிளவு எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் எழுதுபவர் தம் கைக்கேற்ப வெட்டிக் கொள்கிறார். துலுது எழுத்துக்கு அகல முனை. நஸ்கு எழுத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. ஒருவருடைய கலத்தைக் கொண்டு இன்னொருவர் எழுதினால் எழுத்து ஒட்டாது. ஆக, பாட்டனாருடைய கலத்தின் முனை என்பது பாட்டனாருடைய கையின் அடையாளம். அது நார்நாராகிப் போனால் மறுபடி வெட்டிக் கொள்ளலாம்தான். ஆனால் அப்போது அது பேரனுடைய கலமாகிவிடும்.

மறுபடி மறுபடி வெட்டுவதால் கலம் தேய்ந்துகொண்டே போகும். பக்தாதில் வாழ்ந்த இமாம் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அவர்கள் ஹதீது எழுதிய கலங்களைச் சீவிய சீவல்களையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார்கள். தாம் மௌத்தானபின் குளிப்பாட்டும் நீரை அந்தச் சீவல்களைக் கொண்டே சூடாக்க வேண்டும் என்று வஸிய்யத் செய்தார்கள். ஹிஜ்ரி 597-இல், அதாவது 1201-இல், அவர்கள் வஃபாத்தானபோது அவ்வாறே செய்யப்பட்டது. எரித்தது போக மீதமும் இருந்தது என்று வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் குறித்திருக்கிறார். ஒரு குடம் நீரைச் சுட வைக்க எத்தனை சீவல் வேண்டும் என்பதை அடுப்பெரித்துப் பழகிய நம் தாய்மார்கள் அறிவார்கள். அத்தனை முறை கலம் சீவப்பட்டிருக்கிறது!

இப்படிச் சீவுவதற்குக் காரணம் இரண்டு. எழுத எழுத முனை மழுங்குவது ஒன்று. அதைத் தடுக்க முடியாது. மை காய்ந்து இறுகி விடுவதால், அதைச் சுரண்டப் போய் முனையையும் சேர்த்துச் சுரண்டி விடுவது மற்றொன்று. இது முழுக்க நம் சோம்பலால் வருவது. நாமும் ஓதும் பருவத்தில் கலத்தை மைக்கூட்டிலேயே நிறுத்தி வைத்துவிட்டு விளையாடப் போனவர்கள்தாம். திரும்பி வந்து பார்த்தால் முனை ஊறிப் பருத்து, பிளவு வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அன்றைக்கு எழுதும் அலிஃபெல்லாம் இரட்டைக் கோடாக விழும். உஸ்தாது ஒன்றும் சொல்ல மாட்டார்கள். புதிதாக வெட்டிக்கொண்டு வரும்படி கத்தியை மட்டும் நம் கையில் கொடுப்பார்கள். நமக்குச் சரியாக வெட்டத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

மையின் தன்மையை அறிந்து கொண்டால் சுத்தம் செய்வது எளிது. பழைய எழுத்து மை என்பது விளக்குப் புகைக்கரி, கருவேல இனத்துப் பிசின், நீர் ஆகிய மூன்றையும் நெடுநேரம் இடித்துக் குழைத்துச் செய்வது. இஸ்தான்பூலில் 1557-இல் கட்டி முடிக்கப்பட்ட சுலைமானிய்யா பள்ளிவாசலில், எண்ணெய் விளக்குகளின் புகை வாசலுக்கு மேலுள்ள ஓர் அறையில் போய்ச் சேரும்படி அமைத்து, அங்கே படிந்த கரியை மை செய்ய எடுத்துக் கொண்டார்கள். கரி நீரில் கரையாது; ஆனால் அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் கரையும். அதனால்தான் இந்த மை காய்ந்தாலும் வெறும் தண்ணீருக்கு இளகிக் கொடுக்கிறது. சோப்புத்தூளும் வேண்டாம், சுடுநீரும் வேண்டாம்.

எழுதி முடித்ததும் கலத்தின் முனையை மட்டும், சுமார் ஓர் அங்குலம், சாதாரண நீரில் இரண்டு மூன்று முறை முக்கி எடுத்து, பருத்தித் துணியால் அடியிலிருந்து முனையை நோக்கித் துடைக்க வேண்டும். எதிர்த் திசையில் துடைத்தால் நார் எழும்பும். பிளவுக்குள் மை தங்கியிருந்தால் ஈரமான மெல்லிய தாளை அதில் நுழைத்து இழுத்துவிடலாம். ஊசியை நுழைக்கக் கூடாது, பிளவு நீண்டுவிடும். பிறகு கலத்தைப் படுக்க வைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் நாணல் வெடிக்கும். காயாமல் பெட்டிக்குள் போட்டு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது விரைவாகவே நடந்துவிடும். தேங்காயெண்ணெய் பூசினால் கலம் பளபளக்கும் என்று சிலர் பூசுவார்கள். எண்ணெய் பட்ட முனையில் மை பிடிக்காது. அந்த வேலை வேண்டாம்.

மைக்கூட்டுக்குள் சிக்கலாகச் சுருட்டிய பட்டு நூல் போடுவது பழைய வழக்கம். அதற்கு லீக்கா என்று பெயர். கலம் அடியில் இடித்து முனை மழுங்காமல் அது தாங்கிக்கொள்ளும். முனைக்கு வேண்டிய அளவு மையையே கொடுக்கும். கூடு கவிழ்ந்தாலும் மை ஓடிவிடாது. மை கெட்டியானால் சில சொட்டு நீர் விட்டுக் கிளறினால் போதும். நாற்றம் வந்துவிட்டால் மையைக் கொட்டிவிட்டு நூலை அலசிக் காயவைத்துப் போட வேண்டும்.

இந்தக் கலையை நெடுங்காலம் கட்டிக் காத்தவர்கள் துருக்கி உஸ்மானியர்கள். ஷைகு ஹம்துல்லாஹ், ஹாபிழ் உஸ்மான் போன்ற பெரும் எழுத்தர்கள் அவர்களிடையே தோன்றியவர்கள். அவர்கள் கலத்தை மேசைமேல் வைத்து வெட்டுவதில்லை. மக்தா என்னும் எலும்புத் தட்டிலோ தந்தத் தட்டிலோ பொருத்தி, ஒரே அழுத்தில் முனையை நறுக்குவார்கள். குர்ஆன் முழுவதையும் எழுதுவோருக்கு நடுவில் கலத்தை வெட்ட நேர்ந்தால் முன்பக்கத்து எழுத்துக்கும் பின்பக்கத்து எழுத்துக்கும் பருமன் மாறிவிடும். ஆகவே எளிதில் தேயாத, ஜாவாவிலிருந்து வந்த ஒருவகைப் பனையின் கரிய நாரினால் செய்த கலத்தைப் பயன்படுத்தினார்கள். அதற்கு ஜாவா கலம் என்றே பெயர். இன்னொரு செய்தியும் உண்டு. பச்சை நாணலைக் கடினமாக்கி நிறமேற்றுவதற்குக் குதிரைச் சாணக் குவியலில் சில காலம் புதைத்து வைப்பார்கள். அப்படிப் பதப்படுத்தியதா இல்லையா என்று கடையில் வாங்கும் நமக்குத் தெரியாது. ஆகவே புதிய கலத்தை முதலில் ஒருமுறை நீர் ஊற்றிக் கழுவித் துடைத்துவிட்டு எழுதத் தொடங்குவது பேணுதலாகும்.

மஸ்அலா என்ற அளவில் வீட்டார் அறிய வேண்டியவை சில உள்ளன. குர்ஆன் வசனங்களை நஜீஸான மையால் எழுதக்கூடாது. இன்று கடையில் கிடைக்கும் மைகளில் சில அரக்குச் சேர்த்தவை. காய்ந்தால் தண்ணீருக்கு இளகா. புட்டியில் நீர்புகா மை என்று போட்டிருக்கும். இது விரலில் காய்ந்து படலமாக நின்றால் அதன்கீழ் ஒளுவின் நீர் சேராது. படலத்தை நீக்கிய பிறகே ஒளுச் செய்ய வேண்டும். படலம் போய் வெறும் நிறம் மட்டும் தோலில் நின்றால் அதனால் பாதகமில்லை. பிள்ளைகள் மைக்கறை முழுதும் போகவேண்டுமென்று தோலுரியத் தேய்த்துக்கொண்டு ஜமாஅத்தைத் தவறவிடுவதையும், மையைப் பொருட்படுத்தாமலே தொழுதுவிடுவதையும் இரண்டையும் பார்க்கிறோம். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். செதிலாக உரிந்து வந்தால் அது படலம், உரிய ஒன்றுமில்லாவிட்டால் நிறம். இத்தகைய மையை அகற்றச் சிலர் ஸ்பிரிட்டைப் பயன்படுத்துகிறார்கள். அது சுத்தமானதா நஜீஸா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சோப்பும் பழைய பல்துலக்கியும் அந்த வேலையைச் செய்துவிடுகிறபோது, சந்தேகமானதை ஏன் நாடவேண்டும்?

கழுவிய நீரைப் பற்றி: கலத்தில் ஒட்டியிருப்பது மை, எழுத்து அல்ல. எழுத்தாகாத மைக்குக் குர்ஆனுடைய ஹுக்மு இல்லை. ஓதும் பலகையில் எழுதிய ஆயத்தைக் கழுவுவது வேறு. அந்த நீரைக் கால்படாத சுத்தமான இடத்தில் ஊற்ற வேண்டும். கலம் கழுவிய நீரை எங்கே ஊற்றினாலும் பாவமில்லை. எனினும் பெரியவர்கள் அதையும் சீவலையும் சாக்கடையில் விடாமல் ஒரு செடியின் அடியில் சேர்த்தார்கள். அது அதபு. அதபை அதபாகவே வைத்துக்கொள்வோம். சீவலை மிதித்தால் குஃப்ரு என்றெல்லாம் பிள்ளைகளைப் பயமுறுத்துவது அறிவுடைமையல்ல. துருக்கியர் படித்த மனிதரை மை நக்கியவர் என்று சொல்வார்கள். எழுத்துப் பிழையை நாவால் நனைத்து அழித்த காலத்திலிருந்து வந்த வழக்கு அது. நம் பிள்ளைகளுக்கு ஈரத்துணி போதும்.

இப்போது பிள்ளைகள் நாணலோடு நிற்பதில்லை. உலோக முனையுள்ள தொட்டெழுதும் பேனாவும், சாய்ந்த முனையுள்ள ஊற்றுப்பேனாவும் வைத்திருக்கிறார்கள். புதிய உலோக முனையில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவி வந்திருக்கும். சோப்பு நீரில் கழுவாவிட்டால் மை சொட்டாக விழும். எழுதிய பின் கழுவி, ஈரமே இல்லாமல் துடைக்க வேண்டும். நாணலுக்கு ஈரம் பூஞ்சணம் என்றால் இரும்புக்கு ஈரம் துரு. ஊற்றுப்பேனாவில் கரிமையை ஊற்றவே கூடாது. கரித்துகள் உள்வழியில் அடைத்துக்கொண்டால் பேனா பாழ். அதற்கென்று விற்கும் சாய மையை ஊற்றி, மாதம் ஒருமுறை சாதாரண நீரை இழுத்து வெளியேற்றி, நீர் தெளிவாக வரும்வரை அலசினால் போதும்.

சகோதரியின் மூன்று கலங்களுக்கு வருவோம். அவற்றை எழுதப் பயன்படுத்த வேண்டாம். முனையை வெட்டவும் வேண்டாம். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். ஈரம் பிழிந்த துணியால் ஒரு கலத்தின் ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள். துணியில் கறுப்பு ஏறினால் அது பிசின் மை. அதே துணியால் கொஞ்சங் கொஞ்சமாக ஒற்றி எடுத்து உடனே உலர்த்திவிடலாம். கறுப்பு ஏறாமல் மினுமினுப்பாக நின்றால், அது கல்லச்சுக்கு எழுதிய கொழுப்பு மையாக இருக்கலாம். கல்லில் பதிவதற்காகவே கொழுப்புச் சேர்த்துச் செய்த மை அது, தண்ணீருக்கு வராது. அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுங்கள். பாட்டனார் எழுதியது எந்த மை என்பதற்கு அதுவே அத்தாட்சி. நாணலில் சிறு துளைகளும் கீழே மாவுபோல் தூளும் காணப்பட்டால் பூச்சி இருக்கிறது. அந்தக் கலத்தை மட்டும் தனியே பிரித்து வையுங்கள். மற்றவற்றை வெள்ளைப் பருத்தித் துணியில் தனித்தனியே சுற்றி, நம் முன்னோர் ஏடுகளுக்குச் செய்ததுபோல் வசம்புத் துண்டுகளை ஒரு சிறு பையில் கட்டிப் பெட்டியின் மூலையில் போட்டு வையுங்கள். மைக்கூட்டில் காய்ந்திருப்பதையும் பெயர்க்க வேண்டாம்.

முனை பிளந்த இரண்டையும் எறிந்துவிடாதீர்கள். பிளந்த பாகத்துக்கு மேலே நாணல் உறுதியாக இருந்தால் மூன்று விரற்கடை நீளத்தைத் தறித்துவிட்டுப் புதிதாக வெட்டலாம். பிள்ளையின் உஸ்தாதிடம் கொடுத்து, அவன் கைக்கு ஏற்றபடி ஒன்றை நஸ்குக்கும் மற்றொன்றைத் துலுதுக்கும் வெட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டும்போது அவன் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.