கடல் கடந்து செய்துகொள்ளும் மார்பக ரணசிகிச்சை: நாம் அறிய வேண்டிய பாடம்



தலைப்பைக் கண்டதும், இது பெண்கள் சமாசாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அழகுக்காக மார்பகத்தைப் பெரிதாக்கும் ரணசிகிச்சை இன்று உலகளாவிய வியாபாரமாகிவிட்டது. பாங்காக், இஸ்தான்பூல் முதலிய நகரங்களுக்கு இதற்கென்றே பெண்கள் விமானம் ஏறுகிறார்கள். பயணச்சீட்டு, ஹோட்டல், ஆப்பரேஷன் அனைத்தும் ஒரே விலை என்று விளம்பரம் வருகிறது. நம் வீட்டுப் பெண்களின் கைத்தொலைபேசியிலும் அது வருகிறது. வீட்டில் இப்பேச்சு எழுந்தால், கோபித்து வாயடைப்பதாலும் பயனில்லை. விலை மலிவு என்று தலையசைப்பதாலும் பயனில்லை. விஷயமறிந்து பேசுதல் வேண்டும்.

சிகிச்சைக்காக அந்நிய நாடு செல்வது தன்னளவில் தவறன்று. இந்தோனேசிய நோயாளிகள் நம் பினாங்கு ஆஸ்பத்திரிகளுக்கு வந்து குணமடைந்து செல்வதை நாம் அறிவோம். ஆனால், உடலுக்குள் ஒரு பண்டத்தை வைத்துக்கொண்டு ஊர் திரும்பும் சிகிச்சைக்குத் தனிக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

1. வாங்கும் பண்டம் எத்தகையது?

1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் குரோனின், ஜெரோ என்னும் இரு டாக்டர்கள், சிலிக்கோன் கூழ் நிரப்பிய பையை முதன்முதலில் ஒரு பெண்ணின் மார்பகத்தில் வைத்தனர். இன்றும் முறை ஏறக்குறைய அதுவே. பையைச் சுற்றி உடல் தானாகவே ஒரு தழும்புச் சவ்வை உண்டாக்குகிறது. சிலருக்கு அச்சவ்வு இறுகி, மார்பகம் கடினமாகி வலிக்கும். சிலருக்குப் பை கிழியும். சிலிக்கோன் பை கிழிந்தால் வெளியே அறிகுறி தெரியாமலும் இருக்கலாம். பை ஆயுள் முழுவதும் நிற்கும் பண்டம் அன்று என்று அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துக் கண்காணிப்பு இலாகா சொல்கிறது. அழகுக்காக இதை வைத்துக்கொள்பவர்களில் ஐந்தில் ஒருவர் வரையில் பத்தாண்டுகளுக்குள் அதை எடுக்க வேண்டி வரும் என்று 2011-இல் அது அறிவித்தது. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஒருமுறையும், பின்னர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்பதும் அதன் யோசனை.

ஆகவே, விளம்பரத்தில் காணும் தொகை முழு விலையாகாது. அது முதல் தவணையே. பின்வரும் பரிசோதனைகளையும் மறு ஆப்பரேஷனையும் பேரேட்டில் சேர்த்து எழுதினால்தான் கணக்கு நேராகும்.

2. முத்திரை ஒன்று, சரக்கு வேறு

பிரான்ஸ் தேசத்தின் தென்கரையில் பிப் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட நிறுவனம் ஒன்று இருந்தது. 1991-இல் ழான்-குளோட் மாஸ் என்பவர் அதைத் தொடங்கினார். அதன் பைகளுக்கு ஐரோப்பியத் தர முத்திரை இருந்தது. ஆனால் உள்ளே நிரப்பியதோ, மருத்துவத்துக்கு அனுமதி பெறாத, தொழிற்சாலை உபயோகத்துக்கான மலிவுச் சிலிக்கோன். சோதனை அதிகாரிகள் முன்னறிவிப்புக் கொடுத்து வந்தனர்; அவர்கள் வருமுன் பீப்பாய்கள் மறைக்கப்பட்டன. நெதர்லாந்தில் அதே சரக்கு வேறு பெயரில் விற்கப்பட்டது. 2010 மார்ச்சில் பிரெஞ்சு அதிகாரிகள் உண்மையைக் கண்டு விற்பனையைத் தடுத்தனர். அதற்குள் 65 நாடுகளில் ஏறக்குறைய 3,00,000 பெண்களின் உடலில் அச்சரக்கு சேர்ந்துவிட்டது.

2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசாங்கம், பைகளை எடுத்துவிடும்படி தன் நாட்டுப் பெண்களுக்கு யோசனை கூறி, எடுக்கும் செலவையும் ஏற்றது. 2013 டிசம்பரில் மார்செய் நீதிமன்றம் மாஸுக்கு நான்காண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. நிறுவனமோ 2010-லேயே திவாலாகிவிட்டது. திவாலானவனிடம் யார் என்ன வசூலிக்க முடியும்?

முத்திரையை மட்டும் நம்பிச் சரக்கெடுத்தால் என்னவாகும் என்பதை வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. கடைச் சரக்கு கெட்டால் திருப்பி அனுப்பலாம். இந்தச் சரக்கைத் திருப்பி அனுப்ப உடலை மறுபடி அறுக்க வேண்டும்.

2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தனது சொரசொரப்பான மேல்தோலுடைய ஒருவகைப் பையை உலகெங்கும் திரும்ப அழைத்துக்கொண்டது. நிணநீர் மண்டலத்தைச் சார்ந்த, அபூர்வமான ஒரு புற்றுநோய் அதனோடு சம்பந்தப்பட்டிருந்தமையே காரணம். அந்நோய் பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்தே தோன்றும். தன் உடலில் இருப்பது எந்தக் கம்பெனிப் பை, எந்த வகை, எந்த எண் என்று தெரியாத பெண், இத்தகைய அறிவிப்பு வரும்போது அது தனக்குரியதா அல்லவா என்று எப்படி அறிவாள்?

3. தூரத்தின் விலை

2003-2004-இல் டொமினிக்கன் குடியரசுக்குச் சென்று அழகு ரணசிகிச்சை செய்துகொண்டு திரும்பிய அமெரிக்கப் பெண்கள் பலருக்கு, சாதாரண மருந்துகளுக்கு எளிதில் அடங்காத ஒரு கிருமியால் புண் சீழ் வைத்தது. மாதக்கணக்கில் மருந்துண்ண நேர்ந்தது. அதே நாட்டில் 2009 முதல் 2022 வரை அழகு ரணசிகிச்சைக்குப் பின் 93 அமெரிக்கர்கள் உயிரிழந்ததாக அமெரிக்க அரசாங்கம் கணக்கிட்டது. விவரமாக ஆராயப்பட்ட மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், கொழுப்போ இரத்தக் கட்டியோ நுரையீரலை அடைத்ததுதான். அவர்களில் அநேகர் ஒரே மயக்கத்தில் பல ஆப்பரேஷன்களைச் செய்துகொண்டவர்கள்.

நீண்ட நேரம் அசையாது விமானத்தில் உட்கார்ந்திருப்பதும் இரத்தம் கட்டுவதற்கு ஏதுவாகும். மார்பக ரணசிகிச்சைக்குப் பின் 5 முதல் 7 நாள் வரை விமானம் ஏறலாகாது என்பது பிரிட்டிஷ் சுகாதாரத் துறையின் யோசனை. மூன்று நாளில் போய் வரலாம் என்னும் விளம்பரத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. மார்க்கத் தீர்ப்பு

இவ்விஷயம் நம் மண்ணிலேயே ஆராயப்பட்டுள்ளது. 2007 ஜூலையில் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, அழகு ரணசிகிச்சை பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. நோயினால் நீக்கப்பட்ட மார்பகத்தை மீண்டும் அமைப்பதும், அளவினால் நோய் உண்டாகுமிடத்து அதைச் சீர்செய்வதும் ஆகுமானவை. மன இச்சைக்காக மட்டும் இயல்பான படைப்பை மாற்றுவது ஆகாது. புற்றுநோயிலிருந்து மீண்ட சகோதரியையும், விளம்பரத்தைக் கண்டு மயங்கிய இளம்பெண்ணையும் ஒரே தராசில் நிறுத்தல் கூடாது. அவரவர் நிலைக்கு ஆலிமையும் டாக்டரையும் கேட்டுத் தெளிவதே முறை.

5. கேட்க வேண்டிய கேள்விகள்

தக்க காரணத்துடன் ஒருவர் அந்நிய நாட்டில் இச்சிகிச்சை பெற நேர்ந்தால், பணம் கட்டுமுன் பின்வருவனவற்றைக் கேட்டு எழுத்தில் பெற வேண்டும்.

அ. கத்தி பிடிக்கும் டாக்டர் யார்? அந்நாட்டு மருத்துவக் கவுன்சிலில் அவர் பெயர் பதிவாகியுள்ளதா? தரகர் சொல்வதை விட்டுப் பதிவேட்டையே பார்க்க வேண்டும்.

ஆ. பையின் கம்பெனி, வகை, தயாரிப்பு எண் அடங்கிய அட்டை தரப்படுமா?

இ. ஊர் திரும்பிய பின் காய்ச்சல், வீக்கம், சீழ் கண்டால் யார் பார்ப்பது? யார் செலவு? நம் ஊர் டாக்டர் முன்கூட்டியே சம்மதித்துள்ளாரா?

ஈ. ஆப்பரேஷன் குறிப்புகள் நம் டாக்டர் படிக்கக்கூடிய மொழியில் கிடைக்குமா?

இவற்றுக்கு விடையில்லையேல், எவ்வளவு மலிவானாலும் அது நஷ்ட வியாபாரமே.

கடைசியாக ஒன்று. ஏற்கெனவே இதைச் செய்துகொண்ட பெண் நம் குடும்பத்தில் இருக்கலாம். ஏச்சுக்குப் பயந்து புண்ணை மறைப்பாள். மறைத்த புண் உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சலோ, மூச்சுத்திணறலோ, கால் வீக்கமோ கண்டால், கேள்வி கேட்பதைப் பின்னுக்கு வைத்து உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணுவதில் கணவனுக்கும் தகப்பனுக்கும் சகோதரனுக்கும் பங்கு உண்டு.