இடித்துரைக்கும் புலவர்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் கோசா மொழி பேசும் மக்கள் மிகுதியாக வாழ்கின்றனர். ஏடும் எழுத்தும் புகுமுன்னரே, நாவும் செவியுமே கருவியாக அவர்தம் பாட்டு வளர்ந்தது. தலைவனைப் பாடும் புலவரை அவர்கள் 'இம்போங்கி' என்பர். தோலாடை போர்த்து, ஈட்டி ஏந்தி அவையில் தோன்றும் அவர், காலத்திற்கும் களத்திற்கும் ஏற்ப அப்பொழுதே பாடுவார்.

அவர் புகழ் பாடுவோர் மட்டும் அல்லர். குலமுறை கிளத்தி வாழ்த்தும் அந்நாவே, தலைவன் நெறி பிறழின் பலரறிய இடித்துரைக்கும். பிறர் கூற அஞ்சுவதைக் கூறும் உரிமையை மரபு அவருக்கு அளித்துள்ளது.

1925-ஆம் ஆண்டு வேல்சு இளவரசர் அந்நாட்டிற்கு வந்தபோது, சாமுவேல் முக்காயி (1875–1945) என்னும் புலவர் பாடினார். வாழ்த்தே போன்ற அப்பாட்டு, மறைநூலைத் தந்த பிரித்தானியர் மதுவையும் துப்பாக்கியையும் உடன் தந்தமையைச் சுட்டியது.

1938-ஆம் ஆண்டு அவர் ஹீல்டவுன் பள்ளிக்குச் சென்றார். பேசுங்கால் அவர்தம் ஈட்டி, மேடைத் திரையின் கம்பியில் பட்டு ஒலித்தது. உடனே அவர் அதனையே பொருளாகக் கொண்டார். "ஈட்டி ஆப்பிரிக்கரின் மரபு, கம்பி அயலார் செய்பொருள், நம் மரபு ஒருநாள் வெல்லும்" என்னும் கருத்துப்பட முழங்கினார். ஆங்கிலேயத் தலைமையாசிரியரும் அவையில் இருந்தார்! வியந்து கேட்ட மாணவருள் ஒருவர் நெல்சன் மண்டேலா.

1994-ஆம் ஆண்டு மண்டேலா குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற விழாவிலும் இம்போங்கியின் குரல் ஒலித்தது. மாணவர்களே, வாழ்த்துங்கால் மனமார வாழ்த்துவதும், தவறு கண்டவழி அஞ்சாது உரைப்பதும் புலமையின் இரு கடன்கள் என்பதை உணர்வீர்களாக.