எத்தனை செல் தங்கியது?

அன்புள்ள இளம் மருத்துவருக்கு,

பழுதடைந்த இதயத்தைப் புதுப்பிக்கும் சிகிச்சையில் இறங்கப் போகிறீர்கள். எந்த ஸ்டெம் செல், எந்த மரபணு என்ற பேச்சே உங்களைச் சுற்றி ஓயாமல் நடக்கும். அந்தப் பேச்சில் கலந்துகொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் அதற்கு முன் வேறொரு கணக்கைக் கையில் எடுங்கள்: கொடுத்த மருந்து இதயத்தசைக்குள் எந்த வழியாகப் போனது, போனதில் எவ்வளவு அங்கே நின்றது? இந்தத் துறையின் தோல்விகளில் பலவற்றை, செல்லுக்கு எதிரான தீர்ப்பாக என்னால் ஏற்க முடியவில்லை. சோதிக்க நினைத்த பொருள் உரிய இடத்தில் இருந்ததா என்பதையே பல ஆய்வுகளில் யாரும் பார்க்கவில்லை.

தேவை எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பெரிய மாரடைப்பில் இடது கீழறை இழக்கும் தசைச் செல்கள் 100 கோடி அளவுக்கு வரும். இதயம் அதைத் தானாக ஈடுகட்டிக்கொள்ளாது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 மனித உடலில் விட்ட தடத்தை வைத்து, சுவீடன் ஆய்வாளர்கள் 2009-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 25 வயதில் ஆண்டுக்கு ஒரு சதவீதத் தசைச் செல்கள் புதிதாகின்றன. 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. இனி, நாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவு? ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் குழு 2002-இல் வெளியிட்ட முறைதான் பிறகு எங்கும் பரவியது. நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். அடைப்பு நீக்கிய அதே தமனியில் பலூனை ஊதிச் சில நிமிடங்கள் ஓட்டத்தை நிறுத்துகிறார்கள். பலூன் கதீட்டரின் நடுத்துளை வழியாகச் செல்களைச் செலுத்திவிட்டுப் பலூனைத் தளர்த்துகிறார்கள். கதீட்டர் அறையில் பழகிய கைக்கு இது எளிய வேலை. ஆனால் ஹனோவர் மருத்துவர்கள் அந்தச் செல்களுக்குக் கதிரியக்க அடையாளமிட்டு, செலுத்திய சுமார் ஒரு மணி நேரத்தில் படமெடுத்தார்கள். 2005-இல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி இதயத்தில் இருந்தது 1.3 முதல் 2.6 சதவீதம். மீதியில் பெரும்பங்கு கல்லீரலிலும் மண்ணீரலிலும் கிடந்தது. கைச் சிரை வழியாகக் கொடுத்தபோது இதயத்தில் எதுவுமே தெரியவில்லை.

ஊசியால் நேராகத் தசையில் குத்தினால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். அதே 2005-இல் பன்றிகளில் மூன்று வழிகளையும் ஒப்பிட்ட ஆய்வு வந்தது: தமனி வழி 2.6 சதவீதம், இதயச் சிரை வழி 3.2, தசைக்குள் ஊசி 11. ஊசி வென்றதுதான், ஆனால் பத்தில் ஒன்பது பங்கு அப்போதும் போய்விட்டது. காரணம் இதயத்தின் வேலையிலேயே இருக்கிறது. ஊசியை உருவியதும் அது போன தடம் திறந்து நிற்கிறது. அடுத்த சுருக்கத்தில் தசை அந்தத் திரவத்தை வந்த வழியே பிதுக்கித் தள்ளுகிறது. கொஞ்சம் சிரைகளுக்குள் புகுந்து நுரையீரலுக்குப் போகிறது. ஊசி முனையைத் திருகாணி போல அமைப்பதும், வளைப்பதும், செல்களைக் கூழ்மத்தில் கலந்து கொடுப்பதும் இந்தக் கசிவைக் குறைக்கத்தான். தமனி வழியில் வேறு வகை ஆபத்து உண்டு. மெசன்கைமல் ஸ்டெம் செல் நுண்குழாயின் உள்விட்டத்தைவிடப் பெரியது. நாய்களின் தமனிக்குள் அதைச் செலுத்தியபோது சிறுசிறு மாரடைப்புகள் உண்டானதை 2004-இலேயே எழுதிவிட்டார்கள். அங்கே ‘தங்கியது’ என்பதற்கு ‘அடைத்துக்கொண்டது’ என்றும் பொருள் இருக்கலாம்!

மரபணு சிகிச்சையும் இதே பள்ளத்தில் விழுந்தது. கியூபிட்-2 ஆய்வில் 250 இதயச் செயலிழப்பு நோயாளிகளில் ஒரு பாதிக்கு, கால்சியத்தை இறைக்கும் புரதத்தின் மரபணுவை வைரஸில் ஏற்றித் தமனி வழியே கொடுத்தார்கள். 2016-இல் முடிவு வந்தது: பயன் இல்லை. பிறகு இறந்தவர்கள், மாற்று இதயம் பெற்றவர்கள் சிலரின் தசையைப் பரிசோதித்தபோது, அந்த மரபணு மிக மிகக் குறைவாகவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது தெரிந்தது. இந்த முடிவை வைத்து அந்த மரபணுவைத் தள்ளிவிடுவது, ஓடும் ஆற்றில் விதை தூவிவிட்டு முளைக்கவில்லை என்று விதையைப் பழிப்பது போலத்தான்.

இதற்குக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. ‘போய்ச் சேரவில்லை’ என்ற சாக்கு இருந்தால் எந்த மோசமான கருத்தையும் சாகவிடாமல் காப்பாற்றிக்கொண்டே போகலாமே என்பார்கள். சரியான கேள்வி. அளப்பதை நான் வலியுறுத்துவதே அதற்காகத்தான். எலும்பு மஜ்ஜைச் செல் இதயத்தசையாகவே மாறுகிறது என்று 2001-இல் எலிகளை வைத்துச் சொன்னார்கள், உலகமே நம்பியது. 2004-இல் இரண்டு குழுக்கள், மரபணு அடையாளமிட்ட செல்களை எலி இதயத்தில் வைத்து அவற்றைத் தேடிப் பார்த்தன. செல்கள் இருந்தன, தசை உருவாகவில்லை. செல் இருந்த இடம் தெரிந்ததால்தான் பழியைச் செல்மீதே போட முடிந்தது. அளவு கையில் இருந்தால் சாக்குக்கு இடமில்லை.

இன்னொரு மறுப்பு: செல் தங்கவே வேண்டாம், வந்து போனாலே போதும் என்பது. 2020-இல் சின்சினாட்டி குழு, இறந்த செல்களைக் குத்தினாலும் எலியின் இதயம் ஓரளவு தேறுவதைக் காட்டியது. அந்தப் பலன் நோயெதிர்ப்புச் செல்கள் வழியாக வருகிறது என்றார்கள். நான் அதை நம்புகிறேன். ஆனால் அங்கேயும் மருந்து குத்தப்பட்டது இதயத்தில்தான். எந்த இடத்தில், எவ்வளவு என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. கூடவே, அதைத் தசைப் புதுப்பிப்பு என்று நோயாளியிடம் சொல்லும் உரிமையும் போய்விடுகிறது. 2023-இல் வெளியான ட்ரீம்-எச்.எஃப். ஆய்வில், கதீட்டர் வழியே இதயத்தின் உட்சுவரில் செல்களை ஊசியால் செலுத்தியும் மருத்துவமனைச் சேர்க்கை குறையவில்லை என்பதையும் எடுத்துக்காட்டுவார்கள். நல்ல வழி கெட்ட மருந்தை நல்லதாக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வழி சரியாக இருந்தால் மருந்தைப் பற்றிய தீர்ப்பு தெளிவாக வரும். நான் கேட்பது அவ்வளவே.

எனக்கே பயம் தரும் மறுப்பு, நன்றாகத் தங்கினால் வரும் ஆபத்து. குரங்குகளின் இதயத்தில் 100 கோடி தசைச் செல்களை வைத்தபோது அவை பிடித்துக்கொண்டன. தாறுமாறான துடிப்பும் கூடவே வந்தது. அது 2014. பன்றிகளில் தசைச் செல்லைப் பெருகவைக்கும் நுண் ஆர்.என்.ஏ.வை வைரஸ் வழியே கொடுத்தார்கள். தழும்பு சுருங்கியது. ஆனால் வைரஸ் அந்த உத்தரவை நிறுத்தவே இல்லை. பெரும்பாலான பன்றிகள் திடீரென இறந்தன. அது 2019. ஆக, கொண்டுபோய்ச் சேர்ப்பது போலவே நிறுத்துவதும் வழிமுறையின் பகுதி. சில நாட்களில் சிதைந்துவிடும் எம்.ஆர்.என்.ஏ.வை இன்று சிலர் நாடுவது இதனால்தான். ஆய்வகத்தில் வளர்த்த தசையை ஒட்டாக இதயத்தின் மேல் தைப்பது மற்றொரு வழி. ஜெர்மனியின் கோட்டிங்கன் குழு 2025-இல் வெளியிட்ட கட்டுரையில் 46 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதியது. ஒட்டு வைத்து மூன்று மாதத்தில் அவருக்கு மாற்று இதயம் கிடைத்தது. அகற்றிய பழைய இதயத்தில் ஒட்டுத்தசை உயிரோடு, இரத்தக் குழாய்கள் ஊடுருவி இருந்தது. மார்பைத் திறக்க வேண்டும், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து வேண்டும், விலை பெரியதுதான். ஆனாலும் ‘தங்கியதா?’ என்ற கேள்விக்குக் கண்ணால் பார்த்த பதில் அங்கே கிடைத்தது.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வுத் திட்டத்தை நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் எடுத்துப் போகும் முன், சிலரிலாவது அடையாளமிட்டுப் படமெடுத்து, ஒரு மணி நேரத்திலும் மறுநாளும் எவ்வளவு தங்கியது என்று அளந்து, அந்த எண்ணை முதல் பக்கத்தில் எழுதுங்கள். அது இல்லாத திட்டத்தை யார் நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.