ஆரஞ்சு எது, சாத்துக்குடி எது? கடலோரத் தோட்டத்துக்கு ஒரு பாடம்

போன மாதம் நெம்மேலியில் நம்ம குழுக் கூட்டம் முடிந்ததும் ஒரு இளைஞர் தனியாக வந்து பேசினார். வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். "அண்ணே, வீட்டுக்குப் பின்னால அரை ஏக்கர் சும்மா கெடக்கு. ஆரஞ்சு வைக்கலாம்னு இருக்கேன். புள்ளைங்களுக்கு வைட்டமின் சி கிடைக்கும், மீதிய வித்துக்கலாம். நர்சரியில நல்லா வரும்னு சொல்றாங்க" என்றார்.

நானும் இதே ஆசையில் ஆறு கன்று வைத்தவன்தான். அந்தக் கதை கடைசியில். முதலில் பழத்தைப் பற்றிப் பேசுவோம். ஏனென்றால் அங்கேயே ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது.

நம்ம கடைகளில் ஆரஞ்சு என்று கேட்டால் தோல் தொளதொளவென்று கழன்று வரும் கமலா ஆரஞ்சைத்தான் கொடுப்பார்கள். நாக்பூரிலிருந்தும் குடகிலிருந்தும் வருவது, நம்ம கொடைக்கானல் கீழ்மலையில் காப்பிச் செடிகளுக்கு நடுவே விளைவது எல்லாம் இந்த ஜாதிதான். வெளிநாட்டுப் புத்தகங்களில் ஆரஞ்சு என்று எழுதியிருப்பது இதை அல்ல. அது தோல் ஒட்டிய, உரிக்கக் கத்தி தேவைப்படும் பழம். அதாவது நம்ம சாத்துக்குடி! பச்சைத் தோலோடு ஆந்திராவிலிருந்து லாரி லாரியாக வந்து, ஆஸ்பத்திரி வாசலில் குவிந்து கிடக்கிறதே, அதுதான் தாவரவியல்படி அசல் ஆரஞ்சு. பலபேர் அதை எலுமிச்சைக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராம் கமலா ஆரஞ்சில் வைட்டமின் சி சுமார் 30 மில்லிகிராம், சாத்துக்குடியில் 50 என்று இருக்கும். ஒரு ஆணுக்கு நாளைக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வேண்டும் என்பது 2020 பரிந்துரை. ஒன்றரை சாத்துக்குடியில் அது முடிந்துவிடும். ஆனால் கண்ணுக்கு நல்லதான கரோட்டின் வகைச் சத்து கமலாவில் கூடுதல். அந்த நிறமே அதனால் வருவதுதான். ஆக, இரண்டும் வேண்டும். பளபளப்பாக, ஒரே அளவில், ஸ்டிக்கர் ஒட்டி வரும் வெளிநாட்டு ஆரஞ்சுக்கு மட்டும் தனிச் சத்து எதுவும் கிடையாது. அதுவும் சாத்துக்குடி இனம்தான், விலைதான் பல மடங்கு.

இந்த வைட்டமின் சி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கப்பல்காரர்கள் நன்றாக அனுபவித்தார்கள். மாதக்கணக்கில் காய்ந்த ரொட்டியும் உப்புக் கறியும் தின்று, ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து செத்தார்கள். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இரண்டு பேர்தான் ஆறே நாளில் தேறினார்கள்.

நமக்கு இன்று அந்த நோய் பயம் இல்லை. நம்ம வீட்டுப் பிரச்சினை ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். நாம் கேழ்வரகு தின்கிறோம், முருங்கைக்கீரை தின்கிறோம், ஆனால் கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. அதே சாப்பாட்டோடு வைட்டமின் சி உள்ளே போனால் அந்த இரும்பு நன்றாகச் சேரும். அதனால் ஆரஞ்சைச் சாயங்காலம் தனியாகத் தின்பதைவிட, மதியம் கீரைச் சாதத்தோடு நாலு சுளை தின்பது லாபம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். டீ அந்த இரும்பைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

பிழிந்து குடிப்பதா, சுளையாகத் தின்பதா? சுளைதான். சாறு எடுத்தால் நார் குப்பைக்குப் போய்விடுகிறது, மூன்று பழத்துச் சர்க்கரை ஒரு டம்ளரில் இறங்குகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது முக்கியம். சுளை மேல் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரையும் உரித்து எறிய வேண்டாம், அதிலும் சத்து இருக்கிறது. பிழியத்தான் வேண்டுமென்றால் உடனே குடித்துவிடுங்கள். சாத்துக்குடிச் சாறு நேரம் ஆக ஆகக் கசக்கும், விதை நசுங்கினால் இன்னும் கசக்கும். கைக்குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எந்தச் சாறும் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், பொட்டாசியம் இருக்கிறது.

தோலை என்ன செய்வது என்று பெண்கள் எப்போதும் கேட்பார்கள். இங்கேதான் இயற்கை விவசாயிக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம். தூரத்திலிருந்து வரும் பழங்களுக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அறுவடைக்குப் பிறகும் மருந்து போடுகிறார்கள், மேலே மெழுகும் பூசுகிறார்கள். அந்தத் தோலைத் துவையல் அரைக்காதீர்கள். மருந்தடிக்காத தோட்டத்துப் பழமாக இருந்தால் மட்டும், நிழலில் காயவைத்துப் பாசிப்பயறு மாவோடு குளியல் பொடியில் சேர்க்கலாம், புளி விட்டுக் குழம்பும் வைக்கலாம். பாத்திரம், தரை கழுவ நொதிக் கரைசல் செய்ய ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம். முதல் மாதம் மூடியைத் தினமும் திறந்து காற்றை விடுங்கள், இல்லாவிட்டால் டப்பா வெடித்துவிடும். மண்புழுத் தொட்டியில் பச்சைத் தோலை அள்ளிக் கொட்டாதீர்கள். அந்த எண்ணெய் புழுவுக்கு ஆகாது. முதலில் சாணத்தோடு மக்கவிட்டுப் பிறகு கொஞ்சமாகப் போடலாம்.

இப்போது என் ஆறு கன்றுகளின் கதை.

நெம்மேலி எப்படிப்பட்ட இடம் என்று பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். நடுவில் மணல் திட்டு. கடல் தண்ணீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பும் ஆலை 2013 முதல் இங்கேதான் ஓடுகிறது. சவுக்கும் தென்னையும் முந்திரியும் இங்கே சிரித்துக்கொண்டு வளரும். நான் கமலாக் கன்று வாங்கிவந்து, குழி எடுத்து, எருவும் வேப்பம் பிண்ணாக்கும் போட்டு, ஜீவாமிர்தம் ஊற்றினேன். முதல் மழைக்காலம் தளதளவென்று நின்றது. சித்திரை வந்தது. இலை நுனி தீய்ந்தது, ஓரம் தீய்ந்தது, கொட்டியது. நோய் என்று நினைத்து மோர்க்கரைசல் அடித்தேன். பக்கத்து மனை ஆயா வந்து பார்த்துவிட்டு, "ஏம்பா, கெணத்துத் தண்ணிய வாயில ஊத்திப் பாத்தியா?" என்று கேட்டார். கரித்தது. ஐந்து கன்று போயே போய்விட்டது.

எலுமிச்சைக் குடும்பம் உப்புக்கு ரொம்பப் பயப்படும். மண் கரைசலின் மின் கடத்துதிறன் 1.7 டெசிசீமன்ஸ் தாண்டினாலே ஆரஞ்சில் விளைச்சல் குறையத் தொடங்கும். ஜீவாமிர்தம் மண்ணுக்கு உயிர் கொடுக்கும், உப்பை எடுத்துவிடாது. இதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். போதாக்குறைக்குக் கமலாவுக்கு 500 மீட்டருக்கு மேல் மலையும் குளிரும் வேண்டும். அந்த மலையிலேயே, தெள்ளுப்பூச்சி பரப்பும் பசுமை நோயால் கீழ்ப்பழனியில் எத்தனையோ தோட்டங்கள் அழிந்தன. அதனால் எலுமிச்சை இனத்தில் எந்தக் கன்றானாலும், எந்த வேர்ச்செடியில் ஒட்டியது, தாய்மரம் நோயில்லாததா என்று கேட்காமல் வாங்காதீர்கள். ரங்பூர் எலுமிச்சை வேரில் ஒட்டியது உப்பை ஓரளவு தாங்கும்.

இளைஞரிடம் சொன்னது இதுதான். வீட்டுத் தேவைக்கு, கடலிலிருந்து தள்ளி, நல்ல தண்ணீர் உள்ள மூலையில் ஒரு நாரத்தையும் ஒரு எலுமிச்சையும் வை. நாரத்தையும் ஆரஞ்சுக்குச் சொந்தக்காரன்தான். ஆரஞ்சு என்ற பெயரே நம்ம நாரம் என்ற சொல்லிலிருந்து வடமொழி, பாரசீகம், அரபி வழியாக ஐரோப்பா போனது என்கிறார்கள். காயைச் சுருள் சுருளாக நறுக்கி உப்பு அடைத்து வெயிலில் வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. இளம் இலையில் நரம்பை எடுத்துவிட்டு, மிளகாய், ஓமம், பெருங்காயம், உப்பு சேர்த்து இடித்தால் வேப்பிலைக்கட்டி. மோர்ச்சாதத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? (ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் நாரத்தங்காய் ஊறுகாயை அளவோடு.) வைட்டமின் சிக்காகத்தான் என்றால் ஆரஞ்சே வேண்டாம், நெல்லியும் கொய்யாவும் வை. அதே பழைய அட்டவணையில் கொய்யா 212, நெல்லி 600. பிந்தைய அளவீடுகளில் நெல்லியின் எண் குறைந்தது, ஆனாலும் ஆரஞ்சைவிடப் பல மடங்கு. நெல்லி உப்பு மண்ணையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

எது வைப்பதானாலும் முதலில் தண்ணீர்ச் சோதனை. மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு முறை அலசி, அரை லிட்டர் பிடித்து மூடுங்கள். மழை முடிந்ததும் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை எடுக்க வேண்டும். மார்கழித் தண்ணீரை மட்டும் பார்த்து ஏமாந்தவன் நான். மண்ணிலும் மேலே ஒரு அடி, அடியில் இரண்டு அடி என்று தனித்தனியாக எடுங்கள். நம்ம மாவட்டத்துக்காரர்கள் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். அந்தத் தம்பி போன வாரம்தான் பாட்டிலோடு கிளம்பினார். முடிவு இன்னும் கைக்கு வரவில்லை. அதுவரை குழி எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.