துணைச் செவிலியர் பரீட்சைக்குப் பயிலும் முறை

நாட்டுப்புறத்துத் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் உற்ற துணையாக விளங்குபவர் கிராம சுகாதாரச் செவிலியர். சமவெளியில் 5,000 மக்களுக்கும், மலைப் பகுதியில் 3,000 மக்களுக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது வகுக்கப்பெற்றுள்ள அளவு. அங்குப் பணிபுரிவதற்கு அடிப்படையாவது துணைச் செவிலியர் பயிற்சி. பயிற்சியின் முடிவில் எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் நடைபெறும். அவற்றில் தேறி, 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த செவிலியர், தாதியர் குழுமத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இப்பரீட்சைக்கு ஆயத்தமாகும் முறையை இங்கு ஆராய்வோம்.

முதலாவது, காரணத்தை அறிந்து படித்தல். தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள குளிரில் வைக்க வேண்டும் என்பதைப் பலரும் மனப்பாடம் செய்கின்றனர். ஆனால், மஞ்சட்காமாலை 'பி' தடுப்பு மருந்து உறைந்துவிட்டால் ஆற்றலை இழக்கும். போலியோ சொட்டு மருந்தோ வெப்பத்தால் கெடும். இதனை உணர்ந்தவர், எந்த மருந்தைப் பனிக்கட்டியின்மீது படாமல் வைக்க வேண்டும் என்பதை ஒருபோதும் மறவார்.

இரண்டாவது, எண்களை ஐயமின்றி அறிதல். கர்ப்பிணியின் இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின் அது அபாயக் குறி. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. 7 கிராமுக்குக் குறைந்தால் கடுமையான இரத்தசோகை. பிறந்த குழந்தையின் எடை 2,500 கிராமுக்குக் குறையலாகாது. ஒரு லிட்டர் நீருக்குரிய உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை முழுவதும் ஒரு லிட்டர் நீரில் கரைத்து, 24 மணி நேரத்திற்குப் பின் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

மூன்றாவது, கைப்பழக்கம். இருவர் சேர்ந்து பயில்வது நலம். ஒருவர் செய்ய, மற்றவர் படிமுறைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கவனித்து, முடிவில் தவறுகளைக் கூறலாம். கை கழுவினாரா, குழந்தையின் சுவாசத்தை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினாரா, போட்ட ஊசியை மீண்டும் மூடாமல் அப்புறப்படுத்தினாரா என்பவற்றைப் பார்க்க வேண்டும்.

நான்காவது, செய்யத்தகாதவற்றை அறிதல். இதுவே மிக முக்கியமானது. நிறைமாதத்தை அணுகிய கர்ப்பிணிக்கு உதிரப்போக்குக் கண்டால் உள்பரிசோதனை செய்தல் ஆகாது. நச்சுக்கொடி கருப்பையின் வாயில் அமைந்திருக்கக்கூடும். விரல் பட்டால் உதிரம் பெருகி உயிருக்கே ஆபத்து நேரும். உடனே 108 ஊர்தியை வரவழைத்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அவ்வாறே, குழந்தை பிறந்த ஒரு நிமிடத்திற்குள் தாய்க்கு ஆக்சிடோசின் 10 யூனிட் தசையில் செலுத்துவது முறையாயினும், வயிற்றில் இரண்டாவது குழந்தை இல்லை என்று தெரிந்துகொள்ளாமல் அதனைச் செலுத்தலாகாது.

பரீட்சையில் தேர்வாளர் அருகில் நிற்பார். தவறினால் குறைவது மதிப்பெண்ணே. நள்ளிரவில் குக்கிராமத்து வீடொன்றில் பிரசவம் பார்க்க நேரும்போது, சொல்லித் தர அருகில் எவரும் இரார். அந்த இரவை மனத்திற்கொண்டு பயிலும் சகோதரிகள் பரீட்சையில் தேறுவதோடு, தம்மை நம்பிவரும் தாய்மாரையும் காப்பர் என்பது திண்ணம்.